247-ஆம் வரி

திறந்த பட்டறை: கட்டற்ற மென்பொருளின் கதை
அத்தியாயம் 17

சென்ற வாரம், 1997 ஜூலையில் டெபியன் குழுவினர் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தோடு நிறுத்தியிருந்தோம். பிரச்சினைகளை மறைக்க மாட்டோம் என்பது அந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது உறுதிமொழி. மென்பொருளின் வழுக்களைப் பற்றி வரும் அறிக்கைகள் அத்தனையும் எந்நேரமும் எவரும் படிக்கத் திறந்தே இருக்கும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

2006 முதல் 2008 வரை அந்த வாக்கு பட்ட பாட்டை இந்த வாரம் பார்ப்போம். வில்லன் இல்லாத கதை இது. ஒரு பயனர் புகார் சொன்னார். பராமரிப்பாளர் பொறுப்பாக விசாரித்தார். விவரம் தெரிந்தவர்கள் பதில் எழுதினார்கள். புகார் தீர்ந்தது. ஆனால் அதன் பிறகு இருபது மாதங்கள், உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களின் பூட்டுகள் பெயருக்குத்தான் பூட்டாக இருந்தன. ஒருவருக்கும் அது தெரியவில்லை.

புகார் போகும் வழி

அயன் மர்டாக் 1993 ஆகஸ்டில், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளமான டெபியனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதற்கொரு வழு கண்காணிப்பு முறை வந்தது. எழுதியவர் அயன் ஜாக்சன். மின்னஞ்சலாலேயே இயங்கிய ஏற்பாடு அது. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு கடிதம் போட்டால் அதற்கு ஓர் எண் விழும். அந்த எண்ணுக்கென்று தனி முகவரியும் பிறக்கும். அதன்பின் அந்த வழுவைப் பற்றி யார் எதை எழுதினாலும் அந்த எண்ணின் கீழே தேதியோடு சேரும். தீர்ந்ததும் முடித்துவைக்க ஒரு கடிதம். அஞ்சல் எழுதத் தெரிந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். வழுவின் கடுமைக்குப் படிநிலைகளும் உண்டு. கணினியையே முடக்குவது மேல் படி, 'இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்' என்ற வெறும் ஆசை கடைசிப் படி.

டெபியன் சொந்தமாக எழுதும் நிரல்கள் குறைவு. எங்கெங்கோ தனித்தனிக் குழுக்கள் எழுதும் ஆயிரக்கணக்கான நிரல்களை எடுத்து, ஒன்றோடொன்று மோதாமல் பொருத்தி, பேக்கேஜ்களாகக் கட்டித் தருவதே அதன் வேலை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பராமரிப்பாளரோ சிறு குழுவோ பொறுப்பு. அவர்கள் தன்னார்வலர்கள். நிரலை முதலில் எழுதியவர்கள் ஓரிடத்தில் இருப்பார்கள், பயனர் வேறோர் இடத்தில் இருப்பார், நடுவில் நிற்பவர் பராமரிப்பாளர். பயனரின் புகார் அவரிடம்தான் முதலில் வரும். அதைத் தானே தீர்ப்பதா, மூலத் திட்டத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வதும் அவரே. இந்த அத்தியாயத்தின் சிக்கல் முழுவதும் அந்த நடு இடத்தில்தான் நடந்தது.

வால்கிரைண்டின் எச்சரிக்கை

2006 ஏப்ரலில் டெபியனுக்கு ஒரு வழு அறிக்கை வந்தது. எண் 363516. ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பற்றியது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது மறைகுறியாக்க நூலகம். வங்கித் தளத்தைத் திறக்கும்போது முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுப் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அதுவே இருந்தது. ஆஸ்திரேலியர்களான எரிக் யங்கும் டிம் ஹட்சனும் 1990-களின் நடுவில் எழுதிய எஸ்எஸ்எல்இஏஒய் என்ற நூலகத்தின் தொடர்ச்சி அது. அந்த இருவரும் விலகிய பிறகு, 1998 டிசம்பரில் வேறு சிலர் அதை எடுத்துப் புதுப்பெயரில் நடத்தினார்கள். பெயர் மாறினாலும் உள்ளே பழைய நிரல் அப்படியே இருந்தது, செயற்கூறுகளின் பெயர்களில்கூட எஸ்எஸ்எல்இஏஒய் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதியவர்கள் போய்விட்ட நிரலில் காரணங்களும் அவர்களோடு போய்விடும் ஆபத்து உண்டு.

புகாரின் மறுபக்கத்தில் இருந்தது வால்கிரைண்ட். ஜூலியன் சீவர்ட் எழுதி 2002-ல் வெளியிட்ட கருவி. ஒரு நிரல் ஓடும்போது கூடவே இருந்து, நினைவகத்தை அது எப்படிக் கையாள்கிறது என்று கவனிக்கும். இன்னும் எதுவும் எழுதப்படாத நினைவக இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுத்துப் பயன்படுத்தினால் உடனே எச்சரிக்கும். அப்படிச் செய்வது பெரும்பாலும் வழுதான். சீ மொழியில் நிரல் எழுதுவோருக்கு வால்கிரைண்ட் பெரிய வரம்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் நிரல்களை வால்கிரைண்டில் ஓட்டினால் எச்சரிக்கைகள் கொட்டின. தன் நிரலில் உள்ள உண்மையான வழுவைத் தேடுபவருக்கு இந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. எச்சரிக்கைகளின் ஊற்றைப் பின்தொடர்ந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தற்செயல் எண்களை உருவாக்கும் கோப்புக்குப் போய்ச் சேரலாம். நியாயமான புகார், தெளிவாக எழுதப்பட்ட புகார். ஒரு வழு அறிக்கையிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

மே 1, 2006

ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பார்த்துவந்தவர்களில் கர்ட் ரூக்ஸ் இந்தப் புகாரைக் கையில் எடுத்தார். எச்சரிக்கைகளைத் துரத்திச் சென்று, அந்தக் கோப்பில் இரண்டு வரிகளைக் கண்டுபிடித்தார். ஒன்று 247-ஆம் வரி, மற்றது 467-ஆம் வரி. எழுத்து மாறாமல் இரண்டும் ஒன்றே. ஒரு நினைவகப் பகுதியில் இருப்பதை எடுத்துக் கலவையில் சேர் என்பது இரண்டின் பொருளும்.

467-ஆம் வரியின் அருகில் மட்டும் ஒரு குறிப்பு இருந்தது. பியூரிஃபை இதற்கு முறையிடும் என்று அந்தக் குறிப்பு சொன்னது. பியூரிஃபை என்பது வால்கிரைண்டுக்கு மூத்த, விலைகொடுத்து வாங்க வேண்டிய கருவி. பிற்பாடு நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹேஸ்டிங்ஸ் 1991-ல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. அந்தக் கருவியோடு சோதிக்கும்போது 467-ஆம் வரியை விலக்கிவைக்கும் ஏற்பாடும் நிரலிலேயே இருந்தது. ஆக, இதே தொல்லையை முன்னோர்களும் பட்டிருக்கிறார்கள், ஒரு வழியும் செய்துவைத்திருக்கிறார்கள். 247-ஆம் வரிக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை, விலக்கும் ஏற்பாடும் இல்லை. ஏன் இல்லை என்ற விளக்கமும் எங்கும் இல்லை.

ரூக்ஸ் தன்னிச்சையாகக் கை வைக்கவில்லை. மே 1-ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல் மேம்பாட்டாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினார். இரண்டு வரிகளையும் எண்ணோடு எடுத்துக்காட்டினார். இவற்றை நீக்கினால் எண்களின் தற்செயல்தன்மை சற்றுக் குறையக்கூடும் என்றும், எழுதப்படாத நினைவகத்திலிருந்து அப்படி என்ன பெரிதாகக் கிடைத்துவிடும் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். நீக்குவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

பதில் சீக்கிரமே வந்தது. அந்தத் திட்டத்தின் மேம்பாட்டாளர் ஒருவர், வழு தேடுவதற்கு உதவும் என்றால் நீக்குவதற்குத் தான் ஆதரவு என்றார். பியூரிஃபைக்கான ஏற்பாட்டையே பயன்படுத்தலாமே என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கேட்டவர் எதை மனதில் வைத்துக் கேட்டார், பதில் சொன்னவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று இன்று அந்தக் கடிதங்களைப் படிப்பவர் யோசிக்காமல் இருக்க முடியாது. பதிலில் உள்ள 'வழு தேடுவதற்கு' என்ற நிபந்தனையைப் பாருங்கள். ஒருவர் தன் மேசையில், சோதனைக்காக, தற்காலிகமாகச் செய்துகொள்ளும் மாற்றம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்டவரோ டெபியனை நிறுவும் ஒவ்வொரு கணினிக்கும் போகப்போகும் பேக்கேஜைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் படித்தார்கள். ஆளுக்கொரு காரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன. வழு தீர்க்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டது.

ஏரியும் குடமும்

அந்த வரிகள் என்ன செய்தன? கணினியால் தானாக ஒரு தற்செயல் எண்ணைக் கொடுக்க முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம் அது. எனவே வெளியிலிருந்து கணிக்க முடியாத சிறு சிறு விஷயங்களைச் சேகரித்து, கலக்கி, அதிலிருந்து எண்களை எடுக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்காக 1,023 பைட் அளவுள்ள ஒரு கொள்கலனை வைத்திருந்தது.

அதை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்வோம். 247-ஆம் வரிதான் வரத்து வாய்க்கால். இயங்குதளம் தரும் தற்செயல் பைட்டுகளும், வேறு எங்கிருந்து என்ன சேர்த்தாலும், அந்த வரி வழியாகத்தான் ஏரிக்குள் வந்தாக வேண்டும். 467-ஆம் வரி வேறு இடத்தில், நீர் மொள்ளும் துறையில் இருந்தது. மொள்ள வந்தவர் தன் குடத்தின் அடியில் கிடக்கும் பழைய மிச்சத்தையும் ஏரியில் ஊற்றிவிட்டு மொள்வார். அந்த மிச்சத்தால் லாபம் சொற்பம், நீக்கினால் நட்டமும் இல்லை. வால்கிரைண்டின் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்தக் குடத்து மிச்சம். வாய்க்காலில் எப்போதாவது அரைகுறையாக நிரம்பிய பகுதிகளும் சேர்ந்து வந்ததால் கருவி அங்கேயும் முறையிட்டது. கருவிக்கு இரண்டும் ஒரே குற்றம். கண்ணுக்கும் இரண்டும் ஒரே வரி.

குடத்தோடு சேர்த்து வாய்க்காலையும் அடைத்தாகிவிட்டது. அதன்பின் ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. நிரல் ஓடும்போது லினக்ஸ் அதற்குத் தரும் வரிசை எண். அது வேறொரு இடத்தில் கலக்கப்பட்டதால் தப்பியது. இயல்பான அமைப்பில் அந்த எண் 32,768-ஐத் தாண்டாது.

மறைகுறியாக்கச் சாவிகள் பிறப்பது இந்தத் தற்செயல் எண்களிலிருந்துதான். 2,048 பிட் ஆர்எஸ்ஏ வகைச் சாவியில் இருக்கும் எண் 617 இலக்கம் நீளமானது. அதை ஊகிக்க நினைப்பவர் பிரபஞ்சத்தின் ஆயுளே போதாமல் நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் இணையத்தின் பாதுகாப்பு நிற்கிறது. இந்த மாற்றத்துக்குப் பின் டெபியன் கணினியில் உருவான, குறிப்பிட்ட வகையும் நீளமும் உள்ள சாவி ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகவே இருக்க முடியும். கணினியின் கட்டமைப்பைப் பொறுத்து இப்படிச் சில பட்டியல்கள். அவ்வளவுதான்.

இருபது மாத மௌனம்

மாற்றத்தோடு கூடிய 0.9.8சி-1 பதிப்பு 2006 செப்டம்பர் 17 அன்று டெபியனின் நிலையற்ற கிளைக்குள் ஏறியது. அந்தக் கிளையின் பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் பையனின் பெயரை வைத்திருக்கிறார்கள். எது உடையுமோ அது இங்கேயே உடையட்டும் என்பது அதன் நோக்கம். இந்தப் பேக்கேஜில் எதுவுமே உடையவில்லை. 2007 ஏப்ரல் 8 அன்று வெளியான நிலைப்பதிப்பு எட்சுக்குள் அது போய்ச் சேர்ந்தது. டெபியனிலிருந்து எடுத்துக் கட்டப்படும் உபுண்டுவின் 7.04, 7.10 பதிப்புகளிலும் புகுந்தது. 2008 ஏப்ரல் 24 அன்று வெளியான உபுண்டு 8.04-லும் இருந்தது. அது நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் நம்பி வைத்துக்கொள்ளும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு.

இத்தனை பேர் பயன்படுத்தியும் ஏன் தெரியவில்லை? இந்த வழு எதையும் நிறுத்தவில்லை. சாவி உருவானது, பூட்டு பூட்டியது, திறந்தது. வந்த எண்களைப் புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்தினாலும் தேறிவிடும். கலக்கும் கணக்கு அவ்வளவு நேர்த்தியானது என்பதால் உள்ளே போனது ஒரு சிறு எண்தான் என்பது வெளியே வருவதில் தெரியாது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் சில சாவிகளைத்தான் உருவாக்குவார். தன் சாவியும் முகம் தெரியாத இன்னொருவரின் சாவியும் ஒன்றே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்த வழுவும் தப்பாது என்ற கருத்தை எரிக் ரேமண்ட் 1997-ல் எழுதி, அதற்கு லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரைச் சூட்டியிருந்தார். கட்டற்ற மென்பொருள் உலகம் அதை மந்திரமாக ஓதி வந்தது. இந்த மாற்றமோ முழுக்க முழுக்கத் திறந்த வெளியில் நடந்தது. வழு எண் இருந்தது, கடிதங்கள் இருந்தன, திருத்திய வரிகள் இருந்தன. எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் இருந்த ஒன்றை இருபது மாதம் ஒருவரும் பார்க்கவில்லை. ஏற்கெனவே தீர்ந்துபோன வழுவை மறுபடி திறந்து பார்க்க யாருக்கும் முகாந்திரம் இல்லை.

மே 13, 2008

கடைசியில் பார்த்தவர் லூசியானோ பெயோ, அர்ஜென்டினாவைச் சேர்ந்த டெபியன் மேம்பாட்டாளர். 2008 மே 13 அன்று டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு 1571 வெளியானது. டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ் தரும் தற்செயல் எண்களைக் கணிக்க முடியும் என்று அது சொன்னது. தவறு டெபியனுக்கே உரிய ஒரு மாற்றத்தால் நேர்ந்தது என்றும், முதன்முதலில் எந்தத் தேதியில் எந்தப் பதிப்பில் புகுந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னது. 1997-ல் கொடுத்த வாக்கு அன்று காப்பாற்றப்பட்டது.

மற்ற பாதுகாப்பு ஓட்டைகளில் புதிய பதிப்பை நிறுவினால் வேலை முடிந்தது. இங்கே நிரலைத் திருத்துவது முதல் படி மட்டுமே. பழைய பதிப்பு பெற்றுப்போட்ட சாவிகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. டெபியன் மடிக்கணினியில் உருவாக்கிய, சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை ஒருவர் வேறு இயங்குதளம் ஓடும் சர்வரில் பதிந்துவைத்திருந்தால் அந்தச் சர்வரும் திறந்த வீடுதான். இணையதளச் சான்றிதழ்கள், விபிஎன் இணைப்புகள் என்று எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஜிஎன்யூபிஜி சாவிகள் வேறு நூலகத்தை நம்பியிருந்ததால் தப்பின.

டிஎஸ்ஏ வகைச் சாவிகளின் கதை இன்னும் மோசம். அந்த முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு ரகசியத் தற்செயல் எண் தேவை. அந்த எண் கணிக்கக்கூடியதாக இருந்தால் கையொப்பத்திலிருந்தே சாவியைப் பிரித்தெடுத்துவிடலாம். எனவே நல்ல கணினியில் உருவான நல்ல டிஎஸ்ஏ சாவியாக இருந்தாலும், பாதிக்கப்பட்ட டெபியனில் ஒரே ஒரு முறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தால் அதையும் கைவிடுங்கள் என்று அறிவிப்பு சொன்னது.

பாதுகாப்பைச் சோதிக்கும் மெட்டாஸ்பிளாய்ட் கருவியை உருவாக்கிய எச். டி. மூர், இந்தப் பதிப்பு தரக்கூடிய சாவிகளைத் தானே உருவாக்கி, பொது நீளங்களுக்கான முழுப் பட்டியலையும் வெளியிட்டார். அதற்கு மணிக்கணக்கு நேரமே பிடித்தது. டெபியனும் உபுண்டுவும் இத்தகைய சாவிகளைத் தடைப்பட்டியலாக்கிப் பேக்கேஜாகக் கொடுத்தன. புதுப்பித்த எஸ்எஸ்எச் சர்வர், அந்தப் பட்டியலில் உள்ள சாவியோடு வந்தவரை உள்ளே விடவில்லை. கணினியில் கிடக்கும் சாவிகளைச் சோதிக்க ஒரு சிறு கருவியும் கூடவே வந்தது. இவ்வளவு செய்தும் வேர் அறுபடவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 2015-ல், நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தின் பயனர்களுடைய எஸ்எஸ்எச் சாவிகளை ஆராய்ந்தபோதும் இந்தப் பட்டியலின் சாவிகள் அகப்பட்டன. கிட்ஹப் அவற்றை ரத்து செய்தது.

யார் பொறுப்பு?

அறிவிப்பு வந்த அன்றே சண்டையும் தொடங்கியது. ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவின் மூத்தவர்களில் ஒருவரான பென் லாரி கடுமையாக எழுதினார். புரியாத நிரலில் கை வைக்கக் கூடாது, வைத்தால் அந்தத் திருத்தத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பியிருந்தால் நாங்கள் பிடித்திருப்போம் என்பது அவர் வாதத்தின் சாரம். ரூக்ஸ் கேட்டாரே, உங்கள் குழுவில்தானே கேட்டார், ஆதரித்துப் பதில் வந்ததே என்றனர் மறுதரப்பினர். அந்த மின்னஞ்சல் குழுவை முதன்மை மேம்பாட்டாளர்கள் தவறாமல் படிப்பதில்லை, எங்களை அடைய வேறு முகவரி உண்டு என்று பதில் வந்தது. வெளியாட்களுக்கு எளிதில் தெரியாத முகவரி அது. மேம்பாட்டைப் பற்றிப் பேச என்று பெயர் வைத்த இடத்தில் மேம்பாட்டாளர்களைத் தேடியவரைக் குறை சொல்வது எப்படி என்று பலர் கேட்டார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் லாரியின் வாதத்தில் ஒரு புள்ளி நிற்கிறது. ரூக்ஸ் கருத்துக் கேட்டார், பேட்சை (திருத்த வரிகள் அடங்கிய கோப்பை) அனுப்பவில்லை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். கருத்துச் சொல்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். பேட்ச் வந்தால் கதை வேறு. அதைத் தன் நிரலில் சேர்ப்பவர் தன் பெயரில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் கோப்பைத் திறக்க வேண்டும், அந்த இரண்டு வரிகளும் எந்தச் செயற்கூற்றுக்குள் இருக்கின்றன என்று மேலும் கீழும் படிக்க வேண்டும். 247-க்குச் சற்று மேலே பார்த்திருந்தால், இது ஏரிக்கு நீர் கொண்டுவரும் இடம் என்பது விவரம் தெரிந்த எவருக்கும் பட்டிருக்கும். கட்டற்ற மென்பொருளில் 'சரி' என்ற சொல்லுக்கு எடை வருவது ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்துப் பேட்சை ஏற்கும்போதுதான். டெபியனுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கும் நடுவில் அந்த எடை வைக்கப்படவே இல்லை.

மூலத் திட்டத்தின் பக்கமும் ஒரு கடன் இருந்தது. உயிர்நாடியான வரிக்கு ஒரு வரி விளக்கம் இல்லை, உதவாத வரிக்குக் குறிப்பு இருந்தது. அந்தக் கடனை அவர்கள் பிறகு தீர்த்தார்கள். பிந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகளில் அந்த வரியின் தலைக்கு மேல், இதை நீக்காதே என்ற எச்சரிக்கை கொட்டை எழுத்தில் நின்றது. கீழே விளக்கம்: பியூரிஃபையும் வால்கிரைண்டும் முறையிடும் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் இதை எடுத்தால் படுமோசமான தற்செயல் எண்களும் பாதுகாப்பற்ற சாவிகளும் கிடைக்கும். 2006-ல் இந்தக் குறிப்பு இருந்திருந்தால் 363516 என்ற எண் யாருக்கும் நினைவிருக்காது.

மாறியது என்ன?

டெபியனின் பக்கத்தில் மாற்றம் சட்டமாக வராமல் பழக்கமாக வந்தது. மூல நிரலோடு திருத்தங்களைப் பிசைந்துவிடாமல், ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனிப் பேட்ச் கோப்பாக வைக்கும் முறை அடுத்த சில ஆண்டுகளில் பரவியது. 2009-ல் டெப்-3 என்ற முன்மொழிவு வந்தது. ஒவ்வொரு பேட்சின் தலைப்பிலும் அது எதற்காக, யார் எழுதியது, எந்த வழுவுக்காக என்று எழுத வேண்டும் என்றது அது. கூடவே, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாகிவிட்டதா என்று கேட்கும் ஒரு புலம். அனுப்பியிருந்தால் எங்கே என்று சொல்ல வேண்டும், அனுப்பவில்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டும், அனுப்பத் தேவையில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். பார்க்க ஏதோ அலுவலகப் படிவம் போல இருக்கும். இரண்டு வரிகள் கொடுத்த அடியின் தழும்பு அந்தப் புலத்தில் தெரிகிறது.

வரலாறு எழுதுபவருக்கு இந்த நிகழ்ச்சி அபூர்வமான வாய்ப்பு. ஒரு பெருந்தவறின் ஒவ்வொரு அடியும் தேதியோடு கிடைக்கிறது: யார் முறையிட்டார், யார் கேட்டார், யார் என்ன பதில் சொன்னார், எந்த வரி எந்த நாளில் மறைந்தது. மூடிய கம்பெனி மென்பொருளில் இதேபோல ஒன்று நடந்திருந்தால் 'பாதுகாப்பு மேம்பாடு' என்ற ஒற்றை வரியோடு ஒரு புதிய பதிப்பு வந்திருக்கும், உள்ளே யார் யாரைக் கேட்டார் என்பது எந்நாளும் வெளிவந்திருக்காது. திறந்த பதிவேடு இந்தத் தவறைத் தடுக்கவில்லை. ஆனால் தவறு நேர்ந்த இடம் எது என்று துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. டெப்-3 போன்ற திருத்தங்களைச் சரியான இடத்தில் பொருத்த முடிந்தது அதனால்தான்.

அந்தப் பதிவேடு ஒரு மனிதரையும் காப்பாற்றியது. கர்ட் ரூக்ஸின் பெயர் இணையம் முழுக்க அடிபட்டது, நையாண்டிக்கும் குறைவில்லை. ஆனால் கடிதங்களைப் படித்தவர்கள் கண்டது, விசாரித்துவிட்டுச் செய்த ஒருவரை. டெபியன் அவரை விரட்டவில்லை. அடுத்த ஆண்டே, 2009-ல், திட்டத்தின் செயலாளராக நியமித்தது. தேர்தல்களையும் வாக்கெடுப்புகளையும் நடத்துகிற, எல்லாத் தரப்பும் நம்ப வேண்டிய பொறுப்பு அது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அடி ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மீது விழுந்தது. உலகமே நம்பியிருந்த நூலகத்தைக் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன்பின் அந்தக் குழு புதியவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்ந்தவர்களில் கர்ட் ரூக்ஸும் ஒருவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் வெளியில் நின்று இந்த இரண்டு வரிகளை நீக்கலாமா என்று கேட்டவர், இனி அப்படிக் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தார்.

டெபியனின் அறிவிப்பு வெளியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 2008 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோவில் சில இளைஞர்கள் ஒரு புதிய சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். முன்பின் அறியாத திட்டத்துக்குப் பேட்ச் அனுப்புவது அதன்பின் ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகிவிட்டது. அனுப்புவது எளிதானபோது, ஏற்பவரின் மேசையில் என்ன குவிந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)